துளைக்குள் உறைந்த ஈயம்

கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து கழற்றிய போர்டும், நூற்பாலையில் நூல் சுற்றும் ஆட்டோகோனரிலிருந்து உருவிய கார்டும் ஒரே மேசைக்குப் பழுதுபார்க்க வரும் ஊர் கோவை. 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்தது, 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகளும் பம்ப்செட் பட்டறைகளும் பெருகின, 1962-ல் தொடங்கிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் நூற்பு எந்திரங்களை இங்கேயே செய்தது என்பதெல்லாம் பலரும் சொன்ன கதை. அந்த எந்திரங்களுக்குள் எலெக்ட்ரானிக்ஸ் புகுந்த பிறகு ஊருக்குள் முளைத்த ‘கார்டு சர்வீஸ்’ தொழிலைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. வெளிநாட்டு எந்திரத்தின் கார்டு ஒன்று போனால், புதிதாக வரவழைக்கப் பணமும் ஆகும், நாளும் ஆகும். மூன்று ஷிஃப்ட் ஓடும் ஆலை அதுவரை கைகட்டி நிற்க முடியாது. ஆகவே செத்துப்போன ரிலேயையோ கெப்பாசிட்டரையோ மாற்றி, பழைய கார்டையே ஓடவைத்துக் கொடுப்பவர்களை நம்பி ஆலைகள் இருக்கின்றன. எந்தப் பாகம் கெட்டது என்று கண்டுபிடிப்பதைத்தான் இந்தத் தொழிலின் திறமை என்று எல்லோரும் மெச்சுகிறார்கள். ஆனால் பல கார்டுகள் பிழைப்பதும் சாவதும் அதற்கு அடுத்த கட்டத்தில்: பழைய பாகத்தை எடுத்த பின் துளையை அடைத்து நிற்கும் ஈயத்தை (சால்டரை) வெளியேற்றுவதில்.

பாகத்தின் கால் வந்துவிடும். அது இருந்த துளையில் ஈயம் உறைந்து கிடக்கும். புதிய கால் நுழையாது. சால்டரிங் அயர்னை வைத்து உருக்கி, ஈயத்தை உறிஞ்சும் சக்கரால் இழுத்தால் மேலே உள்ளது மட்டும் வரும், உள்ளே இருப்பது அசையாது. இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. சக்கரில் இழுவை பத்தவில்லை என்பது ஒன்று. அயர்னில் சூடு பத்தவில்லை என்பது மற்றொன்று. முதலாவது தவறு. இரண்டாவது பாதி சரி, பாதி தவறு. அந்தத் தவறான பாதிதான் கார்டுகளைக் கெடுக்கிறது. அங்கே குறைவது வெப்பம். பட்டறையில் கூட்டுவதோ வெப்பநிலையை. இரண்டும் வேறு என்பதைப் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம்; மேசைக்கு வந்ததும் மறந்துவிடுகிறோம்.

இந்தக் குழப்பம் வளர்ந்ததற்கு ஊரின் தொழிலிலேயே ஒரு காரணம் இருக்கிறது. பம்ப் பேனல்களில் வரும் டிரை ரன் ரிலே, சிங்கிள் பேஸ் பிரிவென்டர் போன்றவற்றின் போர்டுகள் பெரும்பாலும் ஒற்றைப் பக்கத் தாமிரம் கொண்டவை. ஒரு பக்கம் பாகங்கள், மறு பக்கம் ட்ராக்குகள். துளை என்பது வெறும் பலகையில் போட்ட ஓட்டை. அதன் உட்சுவரில் உலோகம் கிடையாது. உருகிய ஈயம் தாமிரத்தைப் பற்றுமே தவிர, பலகையைப் பற்றாது. ஆகவே ஈயம் முழுதும் கீழ்ப்பக்கத் தாமிர வளையத்தில் குமிழாக உட்கார்ந்திருக்கும். 25 வாட் அயர்னை இரண்டு நொடி வைத்து, சக்கரை அமுக்கினால் ஒரே இழுப்பில் துளை திறந்துவிடும். ஆலைக் கார்டு அப்படிப்பட்டதல்ல. அது கண்ணாடி இழையும் எபாக்ஸியும் சேர்ந்த எஃப்ஆர்-4 பலகை. தாமிரம் இரு பக்கமும் இருக்கும்; பல கார்டுகளில் நடுவிலும் இரண்டு அடுக்கோ அதற்கு மேலோ இருக்கும். துளையின் சுவரில் சுமார் 25 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு கனத்துக்குத் தாமிரம் பூசியிருப்பார்கள். மேலடுக்கு, கீழடுக்கு, நடு அடுக்குகள் எல்லாவற்றையும் மின்சாரத்தால் இணைப்பது அந்த மெல்லிய தாமிரக் குழாய்தான். ஈயம் அதன் சுவர் முழுதும் பற்றி, மேலிருந்து கீழ்வரை தூணாக நிறைந்து நிற்கும். பம்ப் போர்டில் பழகிய கை இங்கே இடறுவது இயல்பு. அங்கே சரியாக இருந்த முறையே இங்கே தவறாகிறது.

முதலில் இழுவையைக் கணக்குப் பார்ப்போம். உருகிய பிறகும் ஈயம் துளையிலிருந்து தானாக விழாமல் நிற்கிறதே, ஏன்? பரப்பு இழுவிசை. தண்ணீருக்கு அது மீட்டருக்கு 0.07 நியூட்டன், உருகிய வெள்ளீய-காரீயக் கலவைக்கு 0.4-க்கு மேல். ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள துளையில் இந்த விசை ஈயத்தைத் தாங்கிப் பிடிக்கும் அழுத்தம் ஏறக்குறைய 1,700 பாஸ்கல். வழக்கமான 1.6 மில்லிமீட்டர் பலகைக்குள் நிற்கும் ஈயத் தூணின் சொந்த எடை தரும் அழுத்தமோ 130 பாஸ்கல்தான். பிடிக்கும் விசை விழவைக்கும் விசையைப் போல் பதின்மூன்று மடங்கு. போர்டைக் கவிழ்த்துப் பிடித்து உருக்குவதால் பயனில்லை என்பது இதிலிருந்தே தெரியும். ஆனால் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஒரு லட்சம் பாஸ்கல். ஸ்பிரிங் வைத்த மலிவான சக்கர் அதில் பத்தில் ஒரு பங்கு வெற்றிடத்தை உண்டாக்கினாலே 10,000 பாஸ்கல் கிடைத்துவிடும். தேவையைவிட ஐந்து மடங்குக்கு மேல். ஆக, தூண் முழுதும் திரவமாக இருந்தால் சாதாரணச் சக்கரே அதை உருவிவிடும். வரவில்லை என்றால், மறுமுனை இன்னும் கெட்டியாக இருக்கிறது என்று பொருள். அந்த முனை அடைத்திருக்கும்வரை அந்தப் பக்கத்திலிருந்து காற்று நுழைந்து ஈயத்தைத் தள்ள வழியில்லை. புதிதாக விலை உயர்ந்த சக்கர் வாங்கினாலும் இதே கதைதான்.

மறுமுனை ஏன் உருகவில்லை என்பதே உண்மையான கேள்வி. துளைக்குள் இருக்கும் ஈயத்தின் எடை பத்து மில்லிகிராம் அளவே. அதை அறையின் சூட்டிலிருந்து 183 டிகிரி செல்சியஸுக்கு ஏற்றி உருக்கிவிட ஒரு ஜூல் வெப்பம்கூடத் தேவையில்லை. 25 வாட் அயர்ன் ஒரே நொடியில் 25 ஜூல் தரவல்லது. கணக்குப்படி கண் இமைப்பதற்குள் உருகியிருக்க வேண்டும். ஆனால் அந்தத் துளை கிரவுண்ட் அடுக்கு எனப்படும் அகன்ற தாமிரத் தகட்டோடு சேர்ந்திருந்தால் கணக்கு மாறுகிறது. 35 மைக்ரான் கனத் தாமிரத் தகட்டில் துளையைச் சுற்றி ஐந்து சென்டிமீட்டர் சதுரத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதை அதே சூட்டுக்குக் கொண்டுவர ஏறத்தாழ 45 ஜூல் வேண்டும். ஈயத்துக்கு வேண்டியதைப் போல் அறுபது மடங்கு. அடுக்குகள் இரண்டு, மூன்று என்றால் அதற்கேற்பப் பெருக்கிக்கொள்ள வேண்டும். தாமிரம் வெப்பத்தைக் கடத்துவதில் ஈயக் கலவையைவிட ஏழெட்டு மடங்கும், எஃப்ஆர்-4 பலகையைவிட ஆயிரம் மடங்குக்கு மேலும் வேகமானது. அயர்னின் முனையான பிட்டிலிருந்து இறங்கும் வெப்பம் துளையின் அடிவரை போகுமுன் பக்கவாட்டில் கசிந்துவிடுகிறது. கீழ்பவானி வாய்க்காலின் கடைமடை விவசாயிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம்: மதகில் எவ்வளவு திறந்தாலும் வழியெல்லாம் மண் குடித்துக்கொண்டிருந்தால் கடைசி வயலுக்குத் தண்ணீர் ஏறாது.

இதற்குச் சான்று எந்தக் கார்டிலும் கிடைக்கும். ஒரே கெப்பாசிட்டரின் இரண்டு கால்களில் ஒன்று எளிதாக வந்து துளையும் திறந்துவிடும். கிரவுண்டில் சேர்ந்த கால் மட்டும் அடம்பிடிக்கும். அதே அயர்ன், அதே சக்கர், அதே ஆள், துளையின் அளவும் அதே. மாறியது துளையைச் சுற்றியுள்ள தாமிரம் ஒன்றுதான். கார்டை வடிவமைப்பவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் கிரவுண்ட் துளையைச் சுற்றித் தாமிரத்தை அகற்றிவிட்டு, நான்கு மெல்லிய பாலங்களால் மட்டும் தகட்டோடு இணைப்பது வழக்கம். ஆனால் பெரிய மின்னோட்டம் ஓடும் இன்வெர்ட்டர் டிரைவ் கார்டுகளில் மெல்லிய பாலம் தாங்காது. துளையை முழுத் தகட்டிலேயே நேராகப் பதித்துவிடுகிறார்கள். ஆலைகளில் அடிக்கடி சாகும் பெரிய கெப்பாசிட்டர்கள் இருப்பதும் அந்தக் கார்டுகளில்தான்.

சரி, வெப்பம் கசிகிறது என்றால் அயர்னின் சூட்டை ஏற்றிவிட்டால் என்ன? கேள்வி நியாயமானது, பலர் செய்வதும் இதைத்தான். 350 டிகிரியில் இருப்பதை 450-க்குத் திருப்பினால் தகட்டுக்கும் பிட்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் மூன்றில் ஒரு பங்குதான் கூடும். வெப்ப ஓட்டமும் அவ்வளவுதான் கூடும். அறுபது மடங்கு தேவைக்கு முன் அது எம்மாத்திரம்? விலையோ பெரிது. அந்தச் சூட்டில், ஆக்சைடை நீக்க வேண்டிய ஃப்ளக்ஸ் வேலை செய்யுமுன் கருகும். பிட்டின் மேல் ஆக்சைடு படிந்து கறுக்கும். கறுத்த பிட்டில் ஈயம் ஒட்டாது, ஒட்டாத பிட்டிலிருந்து வெப்பம் இறங்காது. சூட்டைக் கூட்டியதாலேயே வெப்பம் குறையும் விசித்திரம் இது. அதைவிட மோசமானது பலகைக்குள் நடப்பது. எஃப்ஆர்-4 எபாக்ஸி 130 முதல் 180 டிகிரிக்குள் ஓர் எல்லையைத் தாண்டியதும் இளகி, கனவாக்கில் அதுவரை விரிந்ததைப் போல் நாலைந்து மடங்கு வேகத்தில் விரியத் தொடங்கும். 260 டிகிரிக்குப் போகும்போது 1.6 மில்லிமீட்டர் பலகை 60 மைக்ரான் அளவு தடிக்கப் பார்க்கும். துளைக்குள் இருக்கும் தாமிரக் குழாய் அதே சூட்டில் 6 மைக்ரான்தான் நீளும். மிச்சத்தை அந்த 25 மைக்ரான் சுவர் இழுபட்டுத் தாங்க வேண்டும். ஒருமுறை தாங்கலாம், மூன்றாவது முறை நடுவில் விரிசல் விழும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. மேசையில் சோதித்தால் கார்டு ஓடும். ஆலைக்குப் போய் இரண்டு மணி நேரம் ஓடிச் சூடானதும் பலகை விரிந்து விரிசல் திறக்கும், எந்திரம் நிற்கும்; ஆறியதும் மறுபடி ஓடும். ‘கார்டு நல்லாத்தான் இருந்துச்சு, மெஷின்லதான் ஏதோ கோளாறு’ என்று இரண்டு தரப்பும் சண்டை போட்டுக்கொள்ளும் பழுதுகளில் ஒரு பங்கு இப்படிப் பிறந்ததாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

ஆகவே வெப்பநிலையை ஓரளவிலேயே வைத்து, வெப்பம் உள்ளே இறங்கும் பாதையை அகலமாக்க வேண்டும். அதற்கு மிக எளிய வழி, கேட்டால் சிரிப்பு வரும்: எடுக்க வேண்டிய ஈயத்தோடு இன்னும் கொஞ்சம் ஈயம் சேர்ப்பது. துளையைச் சுத்தம் செய்ய வந்தவன் அதை நிரப்புவதா என்று கேட்கத் தோன்றும். காய்ந்த பிட் பழைய ஈயத்தின் மேல் ஊசிமுனையளவு இடத்தில்தான் தொடுகிறது. இடையில் காற்றும் ஆக்சைடும். புது ஈயத்தைத் தொட்டதும் அது உருகிப் பரவி, பிட்டின் பக்கவாட்டையும் துளையைச் சுற்றிய தாமிர வளையமான பேடு முழுவதையும் ஒரு திரவப் பாலமாக இணைத்துவிடுகிறது. தொடும் பரப்பு பல மடங்காகிறது. ஈயக் கம்பியின் நடுவில் உள்ள ரோசின் ஃப்ளக்ஸ் பழைய ஆக்சைடைக் கரைத்து ஈயத்தை மறுபடி ஓடவைக்கிறது. கூடவே உருகுநிலையும் இறங்குகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் மின்னணுக் கருவிகளில் காரீயத்தைக் கட்டுப்படுத்தியது. பெரிய ஆலை எந்திரங்களுக்கு அதில் விலக்கு இருந்தும், கார்டு செய்யும் தொழிற்சாலைகள் ஒட்டுமொத்தமாக மாறிவிட்டன. அதன்பின் வந்த பல கார்டுகளில் இருப்பது வெள்ளீயம் 96.5, வெள்ளி 3, தாமிரம் 0.5 சதவீதக் கலவை. 217 டிகிரிக்குக் கீழே அது அசையாது. 63-க்கு 37 என்ற பழைய வெள்ளீய-காரீயக் கலவையோ 183-லேயே உருகும். இரண்டையும் சமமாகக் கலந்தால் 180-ஐ ஒட்டியே இளகத் தொடங்கி, 200-ஐ ஒட்டி முழுத் திரவமாகிவிடும். பழைய கார்டில் பழகியவர்கள் புதிய கார்டைப் பார்த்து ‘இது என்ன ஈயமோ, உருகவே மாட்டேங்குது’ என்று அலுத்துக்கொள்வதற்கு இந்த முப்பது சொச்சம் டிகிரியே காரணம்.

காரீயம் நஞ்சாயிற்றே, அதை மறுபடி உள்ளே கொண்டுவருவது சரியா என்ற ஆட்சேபம் உண்டு. ஒதுக்கித் தள்ளக்கூடிய ஆட்சேபமல்ல. காரீயத்தின் கொதிநிலை 1,749 டிகிரி. அயர்ன் சூட்டில் அது ஆவியாகி மூக்கில் ஏறும் அளவு அற்பம். கண்ணெரிச்சலும் இழுப்பும் தருவது ரோசின் புகை. காரீயம் உடம்பில் ஏறுவது கைவழியாக: ஈயம் தொட்ட விரலோடு டீயும் வடையும் சாப்பிடுவதில், ஈயக் கம்பியைப் பல்லில் கடித்துப் பிடிப்பதில். சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், மேசையில் தின்பண்டம் வைக்காததும், புகையை இழுக்க ஒரு சிறு மின்விசிறியும் இதற்குப் போதும். மற்றொரு எச்சரிக்கை கலவையைப் பற்றியது. சேர்த்த காரீயக் கலவை துளையில் தங்கிவிடாமல் முழுதும் எடுத்த பிறகே புதிய ஈயம் வைக்க வேண்டும். பிஸ்மத் சேர்ந்த குறைசூட்டுக் கலவைகளைப் பயன்படுத்துபவர்கள் இதில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். பிஸ்மத்தும் காரீயமும் வெள்ளீயமும் கலந்தால் 96 டிகிரியிலேயே உருகும் கலவை உருவாகலாம். சூடாகும் டிரைவுக்குள் அது இருக்கக் கூடாத பொருள்.

வெப்பம் இறங்க ஏற்பாடு செய்த பின், பக்கக் கசிவைக் குறைக்கவும் வழி இருக்கிறது. கார்டை முன்கூட்டியே 100 டிகிரி அளவுக்கு மெதுவாகச் சூடாக்கினால் போதும். 30 டிகிரியிலிருக்கும் தகட்டுக்கும் 183-ல் உருக வேண்டிய துளைக்கும் இடையே வித்தியாசம் 153. தகடு 100-ல் இருந்தால் 83. கசிவு ஏறக்குறையப் பாதியாகிறது. எபாக்ஸி இளகும் எல்லைக்கும் இது கீழேயே நிற்பதால் பலகைக்குச் சேதமில்லை. பாகங்களில் எழுதியிருக்கும் 85 டிகிரி, 105 டிகிரி என்ற வரம்புகளைப் பார்த்துக்கொண்டு, தேவையான இடத்தை மட்டும் அடியிலிருந்து ஹாட் ஏர் கன்னால் சூடாக்கலாம். மூன்றாவதாக நேரம். அயர்னை எடுத்துச் சக்கரை வைப்பதற்குள் பத்து மில்லிகிராம் ஈயம் உறைந்துவிடும். அதற்கு நொடியின் ஒரு சிறு பங்கே போதும். ஆகவே அயர்ன் ஒரு பக்கமும் சக்கர் மறு பக்கமுமாக, உருகியிருக்கும்போதே இழுக்க வேண்டும். விலை உயர்ந்த டிசால்டரிங் கன்னின் ரகசியமும் இதுதான்: சூடான குழல் முனை வழியாகவே உறிஞ்சுவதால், சூடும் இழுவையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சேர்கின்றன. அதன் பம்ப்பின் பலம் இங்கே முக்கியமல்ல.

விக் என்னும் தாமிரப் பின்னல் நாடாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். துளையின் அகலம் ஒரு மில்லிமீட்டர்; பின்னலின் இழைகளுக்கிடையே உள்ள இடுக்கு அதைவிட மிகக் குறுகியது. இடுக்கு குறுகக் குறுக நுண்புழை இழுவை கூடுவதால் ஈயம் துளையை விட்டு நாடாவுக்கு ஏறுகிறது. ஆனால் நாடாவும் தாமிரம்தான். நீளமாக விட்டுப் பிடித்தால் அதுவே வெப்பத்தைத் தின்னும். ஈயம் குடித்த பகுதியை அப்போதைக்கப்போது வெட்டிவிட்டு, குட்டையாக, ஃப்ளக்ஸ் தொட்டுப் பயன்படுத்த வேண்டும்.

கடைசியாக அனுபவஸ்தர்களின் வாதம்: ‘உருக்கி மேசையில் ஒரு தட்டு தட்டினால் வந்துவிடுகிறது, இல்லையென்றால் சின்ன ட்ரில் பிட் விட்டால் முடிந்தது.’ தட்டினால் வரும் என்பது உண்மை. புவியீர்ப்பைப் போல் பதின்மூன்று மடங்கு வேண்டும் என்று பார்த்தோமே, தட்டி நிறுத்தும் அதிர்ச்சி அதை எளிதாகத் தாண்டும். ஆனால் தெறிக்கும் துளிகள் எங்கே போய் ஒட்டும் என்று சொல்ல முடியாது. நெருக்கமாகக் கால்கள் கொண்ட ஐசியின் இடுக்கில் ஒரு துளி போதும். ட்ரில் விஷயம் வேறு. ஒற்றைப்பக்க பம்ப் போர்டில் தாராளமாக விடலாம், சுவரில் இழக்க எதுவும் இல்லை. ஆலைக் கார்டில் விட்டால் ஈயத்தோடு அந்த 25 மைக்ரான் குழாயும் தூளாக வரும். நடு அடுக்கின் இணைப்பு போனால் வெளியிலிருந்து கம்பி இழுத்துச் சரிசெய்ய வரைபடம் வேண்டும், வெளிநாட்டுக் கார்டுக்கு வரைபடம் யார் தருவார்கள்? துருப்பிடிக்காத எஃகு ஊசியை உருகிய ஈயத்துக்குள் விட்டு எடுப்பது அதைவிடப் பரவாயில்லை, ஈயம் அந்த எஃகில் ஒட்டாது. ஆனால் ஈயம் சுவரோரம் ஒதுங்குமே தவிர வெளியேறாது. முதலில் ஈயம் முழுதும் உருகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதற்கும் உண்டு. கெட்டுப்போன பாகத்தை முழுதாக எடுக்க வேண்டும் என்ற வீம்பையும் விட்டுவிடலாம். பல கால்கள் கொண்ட கனெக்டரையோ ரிலேயையோ வெட்டிச் சிதைத்து, கால்களை ஒவ்வொன்றாக உருவி, துளைகளை ஒவ்வொன்றாகத் திறப்பதுதான் கார்டுக்கு நல்லது. சாகப்போகும் பாகத்துக்காகக் கார்டைப் பலி கொடுக்க வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் பெரிய முதலீடு வேண்டும் என்று பின்வாங்க வேண்டியதில்லை. நல்ல ஃப்ளக்ஸ், 63-37 ஈயக் கம்பி, அகலமான பிட், அடியிலிருந்து சூடாக்க ஒரு ஹாட் ஏர் கன். பாதிக்கு மேற்பட்ட துளைகள் இவற்றுக்கே திறக்கும். டிசால்டரிங் கன்னை வேலை பெருகியபின் வாங்கலாம். ஐடிஐ-யிலும் பாலிடெக்னிக்கிலும் பழக ஒற்றைப்பக்கப் போர்டை மட்டும் கையில் கொடுத்து அனுப்பாமல், பல அடுக்குக் கார்டு ஒன்றையும் கொடுக்க வேண்டும். உக்கடம் பக்கம் பழைய பொருள் கடைகளில் செத்துப்போன கம்ப்யூட்டர் மதர்போர்டு எடை போட்டுக் கிடைக்கும். அதில் கெப்பாசிட்டர்களின் கிரவுண்ட் கால் துளைகளைத் தேடிப் பிடித்து, பேடு உரியாமல் பத்துத் துளைகளைத் திறந்து பாருங்கள். ஆலைக்காரர் நம்பிக் கொடுக்கும் கார்டில் கை வைப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.